வாக்கு எண்ணிக்கை நாளில் எதைக் கவனிப்பது: பெங்களூருத் தமிழர்களுக்கு மக்களவைக் கணக்கு

மக்களவைத் தேர்தல் முடிவு வெளியாகும் நாளில், பெங்களூருவில் உள்ள தமிழர் வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சி காலை முதல் சென்னைச் சேனல் ஒன்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டாரின் வாக்கோ கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் ஒன்றில் பதிவாகியிருக்கும். ஆட்சி யாருக்கு என்பது 543 தொகுதிகளில் 272ஐ யார் எட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாக்குகள் மொத்தம் எத்தனை என்பதைவிட அவை எங்கே விழுந்தன என்பதே அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. ஆகவே எண்ணிக்கையைப் பின்தொடர விரும்புபவர் சொந்தத் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது.

நகரத்துக்குள் பெங்களூரு வடக்கு, மத்தி, தெற்கு ஆகிய தொகுதிகள் இருக்கின்றன. புறநகரின் ஒரு பகுதி பெங்களூரு ஊரகத் தொகுதியில் சேர்கிறது. உங்கள் பெயர் எந்தத் தொகுதியின் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். ஊரிலேயே பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணிக்கையில் பலரும் ஏமாறும் இடம் சுற்றுகள்தான். ஒரு மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் சட்டமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணும் கூடம் உண்டு. கூடத்துக்கு வழக்கமாக 14 மேசைகள். மேசைக்கு ஒரு வாக்குச்சாவடி என எல்லா மேசைகளிலும் ஒருமுறை எண்ணி முடிப்பதுதான் ஒரு சுற்று. வாக்குச்சாவடிகள் குறைவாக உள்ள பகுதி சீக்கிரம் முடிந்துவிடும், அதிகமாக உள்ள பகுதி கடைசிவரை நீளும். எனவே முன்னிலை எத்தனை வாக்கு என்பதைப் பார்த்தவுடன், இன்னும் எண்ணி முடிக்காத பகுதி எது, அங்கு முந்தைய தேர்தலில் யார் பலமாக இருந்தார்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இவ்விரண்டும் தெரியாதவரை முன்னிலை என்ற எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை.

இதற்கு 2024இல் பெங்களூரு மத்திய தொகுதியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சர்வக்ஞநகர், சி.வி.ராமன் நகர், சிவாஜிநகர், சாந்திநகர், காந்திநகர், ராஜாஜிநகர், சாமராஜபேட்டை, மகாதேவபுரா ஆகிய எட்டுப் பகுதிகள் கொண்ட அந்தத் தொகுதியில் காங்கிரசின் மன்சூர் அலி கான் நெடுநேரம் முன்னிலையில் இருந்தார்; முடிவில் பாஜகவின் பி.சி.மோகன் 32,707 வாக்குகளில் வென்றார். மகாதேவபுராவில் மட்டும் பாஜகவுக்குக் கிடைத்த முன்னிலை 1,14,000க்கு மேல். அதாவது மற்ற ஏழு பகுதிகளையும் கூட்டினால் காங்கிரஸ் ஏறக்குறைய 80,000 வாக்குகள் முந்தியிருந்தும், எட்டாவது பகுதி அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மகாதேவபுராவின் வாக்காளர் பட்டியலில் பெரும் முறைகேடு நடந்ததாக 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி குற்றம் சாட்டியதும் தேர்தல் ஆணையம் அதை மறுத்ததும் தனிக்கதை. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்பதை நீங்களே பார்க்க விரும்பினால், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20ஐத் தேடுங்கள். சேனல் விவாதங்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அந்தப் படிவத்தில் பத்து நிமிடம் செலவழிப்பது மேல்.

அடுத்து மாநில அளவில் பார்க்க வேண்டியது, எதிர்ப்பு வாக்கு ஒரே பெட்டியில் விழுந்ததா, பிரிந்ததா என்பது. தமிழ்நாட்டில் 2024இல் திமுக கூட்டணி 39 இடங்களையும் வென்றது. தனித்தனி அணிகளாக நின்ற அதிமுக சுமார் 20.5 சதவீதமும் பாஜக சுமார் 11 சதவீதமும் பெற்று, ஓர் இடம்கூடப் பெறவில்லை. விருதுநகரில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர், அதிமுக அணியில் நின்ற தேமுதிக வேட்பாளரை வென்றது 4,379 வாக்குகளில். மூன்றாவது வந்த பாஜகவுக்கு விழுந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கூட்டணி சேர்ந்தால் இரு கட்சிகளின் வாக்குகளும் அப்படியே கூடிவிடும் என்று சொல்வதற்கில்லை, தொண்டர்கள் முகம் திருப்பிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் இவ்வளவு குறுகிய வித்தியாசம் எழுப்பும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கர்நாடகத்தில் கணக்கு மறுபக்கம் திரும்பியது: பாஜகவும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் கைகோத்து 19 இடங்களைப் பிடித்தன, 45 சதவீத வாக்கு வாங்கிய காங்கிரசுக்குக் கிடைத்தவை 9.

தேசிய வாக்கு சதவீதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். 2014இல் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 சதவீதத்துக்கு மேல் பெற்றும் ஓர் இடமும் பிடிக்கவில்லை. அதே தேர்தலில் பாஜக 31 சதவீதத்தில் 282 இடங்களைப் பிடித்தது. 2024இல் அதன் வாக்கு 36.6 சதவீதம், இடங்களோ 240. 272க்குக் குறைந்த 32 இடங்களைக் கூட்டணிக் கட்சிகள்தான் நிரப்பின. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 போன்ற சிறிய எண்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது இதனால்தான். எனவே பெரிய கட்சி 272ஐத் தொடாத நாளில், அதற்கு எத்தனை குறைகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணிக்கையைத் தரக்கூடிய கட்சிகள் எவை, அவை தேர்தலுக்கு முன்பே கூட்டணியில் இருந்தனவா என்று பாருங்கள்.

ஆட்சி அமைந்த பிறகும் போட்டி அவைக்குள் தொடர்கிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் 1985 முதல் நடப்பிலுள்ள கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவி இழக்கலாம் என்பதால், தனி உறுப்பினரைவிடக் கட்சி மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். நம்பிக்கை வாக்கெடுப்பில் 272 தேவையில்லை. வந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பின் 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. விலகி நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சி, எதிர்த்து வாக்களித்திருந்தது. இத்தகைய வாக்கெடுப்புச் செய்தியைப் படிக்கும்போது, ஆதரவு, எதிர்ப்பு என்ற இரு எண்களோடு, அவைக்கு வராதவர்களும் வாக்களிக்காதவர்களும் எத்தனை பேர், எந்தக் கட்சியினர் என்பதையும் தேடிப் பிடித்துப் படியுங்கள்.