செல்ஃப் சுத்துதா, சுத்தலையா? பழைய மாருதி 800 கிளம்பாவிட்டால் எங்கிருந்து பார்ப்பது

என்னிடம் இருப்பது 1996 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) வைத்த வண்டி. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கண், காது, மூக்கு மூன்றையும் வைத்தே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் பேட்டரி, செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) வரைக்கும் இதை அப்படியே செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம்; உங்கள் பெட்ரோல் லைனில் பிரஷர் அதிகம், வீட்டில் கழற்றுகிற சமாச்சாரமில்லை.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்புங்கள்

பதற்றத்தில் பத்து தடவை திருப்பினால் மிச்சமிருக்கும் பேட்டரியும் போய்விடும். ஒரு தடவை திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள். ஒரு சத்தமும் இல்லையா, ஒரே ஒரு ‘டக்’கா, ‘டிக்டிக்டிக்’ என்று படபடக்கிறதா, இல்லை செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? முதல் மூன்றும் கரன்ட் சமாச்சாரம். நாலாவது வேறு ரகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

வண்டியைச் சுவர் பார்த்து நிறுத்தியிருந்தால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சுவரில் வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் இணைப்பு. வெளிச்சம் குறையாமல் ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலனாய்டு (சாவி திருப்பியதும் மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்). வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாவி சுவிட்சிலிருந்து சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயரைப் பாருங்கள். பெரும்பாலும் முனை கழன்றிருக்கும்.

பானட்டைத் திறந்ததும் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கிறதா? கையால் திருகினால் கிளாம்ப் அசைகிறதா? அசையவே கூடாது. கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். பேட்டரி மூடிக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. துடைத்து, கிளாம்பின் உள்பக்கம் உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவானதே போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்காதீர்கள். யாரையாவது சாவி திருப்பச் சொல்லி மீட்டரைப் பார்க்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் இருந்தும் அப்படி விழுந்தால், பேட்டரிக்கு வயசாகிவிட்டது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘டக்’ கேட்டதும் பேட்டரிதான் என்று முடிவு கட்டிப் புதுசு வாங்கி மாட்டினேன். அதே ‘டக்’. பேட்டரியிலிருந்து போகும் கறுப்பு எர்த் வயரின் மறுமுனை, போல்ட் போட்ட இடத்தில் துரு ஏறிக் கிடந்தது. கழற்றித் தேய்த்து மாட்டினேன், முதல் திருப்பிலேயே கிளம்பியது. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டிருந்தேன்.

செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பொறி போடும் ஸ்பார்க் பிளக்குக்குக் கரன்ட் வருதா, இன்ஜினுக்குப் பெட்ரோல் வருதா? மெக்கானிக் கேட்கும் இரண்டு கேள்வியும் இதுதான். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிஷமாவது ஆறவிடுங்கள்.

கரன்ட்டை முதலில் பாருங்கள், பெட்ரோல் லைனைக் கழற்றுவதற்கு முன்னால். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே செருகி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் மேல் படும்படி ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி வரும். செல்ஃப் அடித்தால் நீலமாகப் ‘பட் பட்’ என்று பொறி தெறிக்க வேண்டும். மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் அது பலவீனம். வரவே இல்லை என்றால், பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம்தான் முதல் சந்தேகம், காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். அடுத்த சந்தேகம் எலி. பத்து நாள் நிறுத்தி வைத்த வண்டியில் பிளக் வயர் முழுசாக இருந்தால் அதிர்ஷ்டம்.

கழற்றிய பிளக்கின் நுனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. துடைத்து மாட்டி, சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் இழுப்பான்) உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முள்ளை நம்பிச் சொல்லாதீர்கள். என் வண்டி முள் நிரந்தரமாகக் கால் டேங்கில் நிற்கும். இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

அப்புறம் பொறி வராமலிருக்க, பிளக்குக்கு உயர் வோல்ட் கரன்ட் தரும் காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சினால் பம்ப் நல்லது. கோளாறு கார்புரேட்டரில், பெரும்பாலும் ஜெட் (பெட்ரோல் பாயும் சின்னத் துளை) அடைப்பு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி உறைந்திருக்கும். பீச்சவில்லை என்றால் ஃபில்டர், வெடித்த ஹோஸ், பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வு என்ற வரிசையில் பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கரன்ட்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை, செல்ஃப் மட்டும் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்து ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே சுற்ற வேண்டிய ரோட்டார் அசையாமல் நின்றால், அதைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கட்டி இழுக்க வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.