தம்பியின் பாதத்துக்கு நல்லெண்ணெய்: எச்.ஐ.வி. உள்ளவரைத் தொட்டுப் பேணும் முறை

2005 தீபாவளி அன்று விடியற்காலையில் அம்மா எங்கள் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தாள். தம்பியின் முறை வந்ததும் கிண்ணத்தை அவன் எதிரே தரையில் வைத்து, "நீயே தேய்த்துக்கொள்ளப்பா" என்றாள். அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரியவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தட்டு, தம்ளர், பாய் எல்லாம் அதற்குள் தனியாகிவிட்டன. அப்போதெல்லாம் வராத அழுகை, அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது. ஆனாலும் நானும் எழுந்து போய் அவன் தலையைத் தொடவில்லை.

என்னை மாற்றியது ஒரு மணிக்கட்டு. 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. அந்தத் தீபாவளி கழிந்து அங்கே அவனை அழைத்துப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் ஆலோசகர், தான் பேசி முடிக்கும்வரை அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் அவன் சொன்னது மருந்தைப் பற்றி அல்ல. "அவங்க கையை எடுக்கவே இல்லை, அக்கா" என்றான்.

முதலில் பயத்தைக் கழித்துவிடுங்கள். இந்தக் கிருமி ரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகப் பரவும். வியர்வையாலோ கண்ணீராலோ பரவாது. காயமில்லாத தோலைத் தொட்டால் பரவவே பரவாது. 1987-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இளவரசி டயானா கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கியது உலகம் முழுக்கச் செய்தியானது. பதினெட்டு வருடம் கழித்தும் அது எங்கள் வீட்டுக்குள் வந்து சேரவில்லை. ஆகவே, வெறும் கையால் தொடுங்கள். உங்கள் கையில் வெட்டோ, அவர் உடலில் திறந்த புண்ணோ இருந்தால் மட்டும் கையுறை வேண்டும். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் உறை பலவீனமாகிவிடும். நைட்ரைல் உறை வாங்குங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அவருக்காகத்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் காலத்தில் நம்முடைய சளியும் இருமலும் அவருக்கு ஆபத்து. எனக்கு ஜலதோஷம் பிடித்தால் சரியாகும்வரை தம்பிக்குத் தேய்க்க மாட்டேன். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உட்காருவேன்.

தொடும் முன் கேளுங்கள். இந்த ஒன்றில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். பல மாதம் யாரும் தொடாத உடம்பு, திடீரென்று ஒரு கை பட்டால் சுருங்கிக்கொள்ளும். "காலுக்கு எண்ணெய் தேய்க்கட்டுமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துவிடுங்கள், நாளைக்கும் கேட்கலாம். தம்பி மூன்றாம் நாள்தான் காலை நீட்டினான்.

பாதத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரை பலருக்குக் கால் நரம்புகளைக் கெடுத்தது. இரவெல்லாம் உள்ளங்கால் எரியும், ஊசி குத்தும். 2009-இல் உலக சுகாதார அமைப்பு அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இப்போதைய மருந்துகள் எவ்வளவோ மேல். ஆனால் கிருமியே நரம்பைத் தாக்குவதும் உண்டு, பழைய சேதம் மிஞ்சியிருப்பதும் உண்டு. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ஆகவே நல்லெண்ணெயை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அவரிடம் "சூடு போதுமா?" என்று கேட்டு அதை நம்பிவிடாதீர்கள்.

முதலில் இரு கைகளாலும் பாதத்தைப் பொதிந்து பிடித்து, பத்து மூச்சு வரை அசையாமல் இருங்கள். பிறகு கணுக்காலிலிருந்து விரல் வரை மெதுவாக நீவுங்கள். மெதுவாக என்றால் எவ்வளவு? முடியுள்ள தோலில் வருடலை உணர்வதற்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு சுமார் 3 செ.மீ. வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாக வேலை செய்கின்றன. அந்த வேகத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர எட்டு விநாடி ஆகும். கடிகாரம் பார்த்து ஒருமுறை செய்துபாருங்கள். நாம் வழக்கமாக எவ்வளவு அவசரமாகத் தேய்க்கிறோம் என்பது புரியும். எரிச்சல் உள்ள காலுக்கு இந்த வருடல்கூட வலியாகலாம். அப்படியானால் பொதிந்து பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, கைகளுக்குப் போங்கள். உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் மேடு. பதினைந்து நிமிடம் போதும்.

மெலிந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மீது அழுத்தவே கூடாது. காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். அக்கி வந்த இடத்தில், ஆறி மாதக்கணக்கான பின்னும், துணி பட்டாலே துடிப்பவர்கள் உண்டு; அங்கே கை வைக்காதீர்கள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால் அழுத்தாதீர்கள். காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு தெரிந்தால், தேய்ப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி நகர்ந்துவிடும் அபாயம் உண்டு.

எண்ணெய் தேய்த்தால் நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தம்பியைப் பிழைக்க வைத்தது ஒரு நாளும் தவறாமல் அவன் விழுங்கிய மாத்திரை. ஆனால் எரிச்சலால் தூக்கமின்றிப் புரண்டவன், கால் பிடித்துவிட்ட இரவுகளில் தூங்கினான். தூங்கி எழுந்தவன் காலையில் சாப்பிட்டான். சாப்பிட்டதால் மாத்திரை குமட்டாமல் உள்ளே தங்கியது. நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். எனக்கு இதுவே பெரிது.

அடுத்த தீபாவளிக்கு அம்மா கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். அவன் தலையில் எண்ணெய் வைத்த பிறகும் வெகுநேரம் உச்சியிலிருந்து கையை எடுக்கவில்லை.

தேய்த்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் விரலிடுக்கு வரை துடைத்து, செருப்பை எடுத்து வைத்த பிறகே அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள். மரத்த காலில் எண்ணெயும் இருந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கிவிடும்.