சேர்வர் புரொசசர் ஒப்பீடு: எக்செல் தாளில் கண்ணில் படாத தவறுகள்

கொழும்பில் ஒரு கம்பனி புதுச் சேர்வர் வாங்கப் போகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மூன்று கொட்டேஷன் வரும். யாராவது அவற்றை ஒரு எக்செல் தாளில் ஏற்றுவார்கள்: ஒரு பக்கம் இன்டெல் கம்பனியின் சியோன் புரொசசர், மறுபக்கம் ஏஎம்டியின் எபிக். கோர் (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எத்தனை, கிகாஹேர்ட்ஸ் (ஓடும் வேகம்) எத்தனை, கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) எத்தனை, விலை எவ்வளவு. எண் பெரிதாக இருக்கிற கட்டத்துக்குப் பச்சை நிறம் அடித்து மேலே அனுப்பினால் கையெழுத்து விழுந்துவிடும். அந்தத் தாளில் இருக்கும் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். அந்தச் சேர்வரில் என்ன வேலை ஓடப்போகிறது என்பது மட்டும் ஒரு கட்டத்திலும் இருக்காது.

பணக் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, கோர் கூடக் கூட நல்லது என்று நினைப்பது. வங்கி, காப்புறுதி, லீசிங் கம்பனிகள் பலவற்றில் ஒரக்கிள் தரவுத்தளம் ஓடுகிறது. அதன் என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு புரொசசர் லைசென்ஸுக்கு 47,500 டொலர். ஒரக்கிளின் கணக்கில் புரொசசர் என்பது சில்லு அல்ல. இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் கோர் எண்ணிக்கையை 0.5ஆல் பெருக்கி வருவது. அப்படியென்றால் 64 கோர் உள்ள எபிக் 9554க்கு 32 லைசென்ஸ், அதாவது 15 இலட்சத்து 20 ஆயிரம் டொலர். 32 கோர் உள்ள எபிக் 9374எஃப்புக்கு 16 லைசென்ஸ், சரிபாதி. அதற்கு மேல் வருடாவருடம் 22 வீதம் சப்போர்ட் கட்டணம். பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை, பேரம் பேசித்தான் வாங்குவார்கள். ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் அப்படியே நிற்கும். சில்லின் விலையில் சில நூறு டொலர் மிச்சம் பிடிக்க ஒரு வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டியவர்கள் இந்த வரியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. லைசென்ஸ் வேறு பிரிவின் பட்ஜெட்டில் வருவதுதான் காரணம் போல.

மேலே சொன்ன 9374எஃப்பின் அடிப்படை வேகம் 3.85 கிகாஹேர்ட்ஸ், 9554இன் அடிப்படை வேகம் 3.1. கோருக்குக் காசு கட்டும் இடத்தில் ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடும் மாடல்தான் இலாபம். இந்த எஃப் வகை மாடல்கள் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் மறுகோடிக்கும் போய்விட வேண்டாம். விண்டோஸ் சேர்வருக்கு ஒரு புரொசசருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்று லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். ஒரே சேர்வரைப் பல மெய்நிகர் சேர்வர்களாக, அதாவது விஎம்களாகப் பிரித்துத் தரும் விஎம்வேரிலும் ஒரு புரொசசருக்குக் குறைந்தது 16 கோர் என்றுதான் எண்ணுகிறார்கள். 8 கோர் சில்லு வாங்கிச் சிக்கனம் பிடித்துவிட்டேன் என்று நினைப்பவர் இல்லாத கோருக்கும் காசு கட்டுகிறார். அதே வேலையைச் செய்யும் புரொக்ஸ்மொக்ஸ் போல சொக்கெட்டுக்கு (புரொசசர் பொருத்தும் இடத்துக்கு) கட்டணம் வாங்கும் மென்பொருள் என்றால் கதை தலைகீழ். அங்கே கோர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. அதனால் லைசென்ஸ் எப்படி எண்ணப்படுகிறது என்று தெரியாமல் புரொசசர் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது ரேம். கொட்டேஷனில் இது ஒரே வரியில் வரும்: ரேம் 256 ஜிபி. இரண்டு பக்கமும் 256, ஆகவே சமம் என்று எழுதிவிடுவார்கள். எபிக் 9004 வரிசைக்கு மெமரி சனல் (ரேமுக்கும் புரொசசருக்கும் இடையில் தரவு போகும் பாதை) 12. நான்காம் தலைமுறை சியோனுக்கு 8. டிடிஆர்5 என்ற ரேம் வகையின் 4800 வேகத்தில் ஒரு சனல் நொடிக்கு 38.4 ஜிபி தரும். 12 சனலும் நிரம்பினால் நொடிக்கு 460.8 ஜிபி. விற்பவர் விலையைக் குறைக்க 64 ஜிபி குச்சி நான்கை மட்டும் போட்டுக் கொடுத்தால் நான்கு சனல்தான் நிரம்பும், நொடிக்கு 153.6 ஜிபிதான் கிடைக்கும். அதே நேரம் பக்கத்துக் கொட்டேஷனில் சியோன் கோல்ட் 6430க்கு 32 ஜிபி குச்சி எட்டு போட்டிருந்தால், அது 4400 வேகத்தில்தான் ஓடும் என்றாலும் 281.6 ஜிபி வரும். தாளில் 12 சனல் என்று பச்சை வாங்கிய எபிக், நிஜத்தில் அந்தச் சியோனின் கிட்டத்தட்டப் பாதி அகலத்தில் நிற்கும். பெரிய தரவுத்தளம், பகுப்பாய்வு, நிறைய விஎம் என்றால் இது நன்றாகவே தெரியும். சின்ன வெப்சேர்வருக்குத் தெரியாமலும் போகலாம். கொட்டேஷன் கேட்கும்போதே எத்தனை குச்சி, ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லொட் காலியாக இருக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேஷ் எண்ணிக்கையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. எபிக் 9354க்கு 32 கோர், எல்3 கேஷ் (கோர்கள் பகிர்ந்துகொள்ளும் கேஷ்) 256 எம்பி. சியோன் கோல்ட் 6430க்கும் 32 கோர், ஆனால் 60 எம்பி. நான்கு மடங்கு என்று துள்ளத் தோன்றும். எபிக்கின் 256 எம்பி ஒரே குளமாக இல்லை. உள்ளே 8 சின்னச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் 4 கோரும் 32 எம்பியும். ஒரு கோர் தன் சில்லில் உள்ள 32 எம்பியைத்தான் தன்னுடையதாகப் பயன்படுத்தும். சியோனில் 60 எம்பியும் எல்லாக் கோருக்கும் பொது. அதற்காக சியோன்தான் மேல் என்று சொல்ல வரவில்லை; பல வேலைகளுக்கு எபிக்கின் அமைப்பு அருமையாகப் பொருந்தும். 4 விசிபியு (விஎம்முக்கு ஒதுக்கும் மெய்நிகர் புரொசசர்) உள்ள நிறைய விஎம்கள் ஓடுகிற இடமும், 24 விசிபியு உள்ள ஒரே ஒரு பெரிய தரவுத்தள விஎம் ஓடுகிற இடமும் இந்த எண்ணை ஒரே மாதிரி அனுபவிக்காது, அவ்வளவுதான். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் 9334ஐயும் கவனியுங்கள். அதுவும் 32 கோர்தான், கேஷ் 128 எம்பி. கொட்டேஷனில் ஓர் இலக்கம் மாறினால் பாதி கேஷ் போய்விடும்.

புரொசசரின் வேகத்தை அளந்து சொல்லும் ஸ்பெக் போன்ற பெஞ்ச்மார்க் எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெக்கில் ரேட் என்றால் எல்லாக் கோரும் ஒன்றாக எவ்வளவு வேலை முடிக்கும் என்பது. ஸ்பீட் என்றால் ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பது. இரண்டு சொக்கெட் சேர்வரின் எண்ணையும் ஒரு சொக்கெட் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும். இன்டெல்லின் ஏஎம்எக்ஸ் (ஏஐ கணக்குகளுக்கு), கியூஏடி (குறியாக்கத்துக்கும் தரவுச் சுருக்கத்துக்கும்) போன்ற சிறப்பு வசதிகளைக் காட்டி யாராவது பல மடங்கு வேகம் என்றால், உங்கள் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். கியூஏடி எல்லா மாடலிலும் கிடைக்காது என்பதையும் சேர்த்து.

மின்சாரம். டிடிபி என்பது பில் அல்ல, குளிர்விப்பை வடிவமைக்கத் தரும் எண். இருந்தாலும் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள உதவும். 9554க்கு 360 வாட், 6430க்கு 270 வாட். இரண்டு சொக்கெட் சேர்வரில் 180 வாட் வித்தியாசம். வருடம் முழுக்க முழுச் சுமையில் ஓடினால் சுமார் 1,577 யூனிட், ஏசி செலவைச் சேர்க்காமல். இதோடு நிறுத்தினால் தவறு. 64 கோர் சேர்வர் ஒன்று பழைய சேர்வர் மூன்றை அகற்ற வைத்தால் மொத்த பில் குறையும். வாட்டை வேலையால் வகுத்துப் பாருங்கள். குளிர் நாட்டுக் கட்டுரைகளில் வரும் ஏசி கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிர்விக்கக் கொழும்பில் ஒரு மாதமும் கிடைக்காது. பெரிய கட்டடங்களின் மின் பில்லில் யூனிட் விலையோடு மாதத்தின் உச்ச மின்தேவைக்கும் (கேவிஏ) தனியாக அறவிடப்படுகிறது என்பதால், இரவு பக்கப்பும் மாதமுடிவு ஓட்டமும் ஒரே நேரத்தில் விழுந்தால் அதுவும் பில்லில் தெரியும். மூன்றை ஒன்றாக்கும் ஆசையில் இன்னொன்றை மறக்க வேண்டாம்: அந்த ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். இரண்டாவது சேர்வருக்கும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

ஏற்கனவே சியோன் சேர்வர்கள் ஓடும் கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சேர்வர் தொகுதியில்) எபிக் ஒன்றைச் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் அங்கே மாற்ற முடியாது. வெவ்வேறு புரொசசர்களுக்கு இடையில் விஎம்மை நிறுத்தாமல் மாற்ற உதவும் விஎம்வேரின் ஈவிசி வசதி ஒரே தயாரிப்பாளரின் தலைமுறைகளுக்கு இடையில்தான் வேலை செய்யும். எபிக் மலிவு என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு பராமரிப்புக்கும் நள்ளிரவில் ஆள் வைத்து விஎம்களை நிறுத்தி எழுப்பினால் மலிவு எங்கே?

கிளவுட்டில் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமேசானில் ‘எம்7ஐ’ (M7i) என்ற கிளவுட் சேர்வர் வகை சியோனில் ஓடுகிறது. அங்கே ஒரு விசிபியு என்பது அரைக் கோர், அதாவது ஒரு திரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் நடத்தும் இரண்டு ஓட்டங்களில் ஒன்று). எபிக்கில் ஓடும் எம்7ஏயில் ஒரு விசிபியு முழுக் கோர். எட்டுக்கு எட்டு என்று விலையை மட்டும் ஒப்பிட்டால் எம்7ஏ விலை கூடியதாகத் தெரியும். உங்கள் வேலையை இரண்டிலும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் சில டொலரில் விடை கிடைத்துவிடும்.

பழைய சில்லு வாங்குவதும் நம் ஊரில் வழக்கம்தான், யூனிட்டி பிளாசாவில் விசாரித்தாலும் சரி, இணையத்தில் வரவழைத்தாலும் சரி. எபிக் என்றால் ஒரு விஷயம் கட்டாயம் கேட்க வேண்டும். பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற வசதியை இயக்கிய சில பிராண்ட் சேர்வர்களில் ஒருமுறை ஓடிய எபிக், அந்தத் தயாரிப்பாளரின் மதர்போர்டுக்கே பூட்டப்பட்டுவிடும். வேறு போர்டில் போட்டால் எழும்பாது, திறக்கவும் வழி இல்லை. எந்தச் சேர்வரிலிருந்து கழற்றியது, பூட்டு இல்லை என்று எழுத்தில் தருவீர்களா, எழும்பாவிட்டால் காசு திரும்புமா என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.