டொமைன் ரீசெல்லர் ஆகப் போகிறீர்களா? 16-ஆம் நாள் சைட் படுத்த கதையோடு ஒரு செய்முறை

வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் ஒருநாள் டொமைனும் விற்க ஆரம்பித்துவிடுகிறோம். "அதையும் நீங்களே பாத்துக்குங்க சார்" என்று வாடிக்கையாளர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். நான் இறங்கியதும் அப்படித்தான். ஹோஸ்டிங், நேம்சர்வர் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: உரிமம் யாருக்கு?

டாட் காம் போன்றவற்றை விற்க, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேனின் (ICANN) அங்கீகாரம் பெற்றவர் ரெஜிஸ்ட்ரார். அதற்கு விண்ணப்பிக்கவே 3,500 டாலர், அப்புறம் வருடத்துக்கு 4,000 டாலர். நம் கடைக்குக் கட்டுப்படியாகாது. டாட் இன்னுக்கு அங்கீகாரம் தருவது, அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸி (NIXI). நாம் ஒரு ரெஜிஸ்ட்ராருக்குக் கீழே, அவரிடம் வாங்கி விற்கும் ரீசெல்லராக இருந்தால் போதும், தனி உரிமம் வேண்டாம்.

உரிமம் இல்லையென்றால் விதியும் இல்லை என்று நினைத்தேன், அது தப்பு. ரெஜிஸ்ட்ரார்களோடு ஐகேன் போட்ட 2013 ஒப்பந்தத்தில் ரீசெல்லர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நாம் தவறினால் ஐகேன் கேட்பது ரெஜிஸ்ட்ராரை. அவர் கை வைப்பது நம் கணக்கில்.

படி 2: கணக்கு திறப்பது

குறைந்தபட்ச டெபாசிட் கேட்காத, ஜிஎஸ்டி பில் தரும் இடமாகப் பாருங்கள். ஐம்பது டொமைனுக்குள் என்றால் பில்லிங் மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் போதும். நான் காசு கொடுத்து வாங்கி, ஆறு மாதம் திறந்துகூடப் பார்க்கவில்லை.

படி 3: உங்கள் தளத்தில்

ஐகேன் லோகோவைப் போடாதீர்கள். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ரீசெல்லர் அதைக் காட்டக் கூடாது. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் ரெஜிஸ்ட்ராரின் பதிவு ஒப்பந்தமும் இருக்க வேண்டும். "உண்மையான ரெஜிஸ்ட்ரார் யார்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படி 4: பதிவு மின்னஞ்சல் (இங்கேதான் விழுந்தேன்)

ஒரு ஸ்வீட் கடைக்கு டாட் காம் பதிந்தேன். உரிமையாளர் மின்னஞ்சலாக, அழகாக இருக்கட்டுமே என்று, அதே டொமைனில் 'இன்ஃபோ' முகவரியைக் கொடுத்தேன். அந்த மெயில்பாக்ஸை இன்னும் உருவாக்கவே இல்லை!

பதிவான 15 நாளுக்குள் உரிமையாளரின் மின்னஞ்சலையோ தொலைபேசியையோ ரெஜிஸ்ட்ரார் உறுதிசெய்தாக வேண்டும். பதில் வராவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள். 16-ஆம் நாள் காலையில் கடைக்காரர் போன்: "தம்பி, சைட் வரலியே." பாதி நாள் டிஎன்எஸ்ஸை நோண்டினேன், கேஷ் அழித்தேன், ஹோஸ்டிங்காரரோடு சண்டைகூடப் போட்டேன். கடைசியில் ஐகேனின் லுக்கப் பக்கத்தில் பெயரை அடித்தால் நிலை என்ற இடத்தில் 'கிளையன்ட் ஹோல்ட்' என்று இருந்தது, அதாவது ரெஜிஸ்ட்ராரே நிறுத்திவைத்திருக்கிறார். சரி, மெயில்பாக்ஸை இப்போது உருவாக்கலாம் என்றால், டொமைனே நின்றுவிட்டதால் மெயிலும் வராது. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை.

ரெஜிஸ்ட்ராரின் பேனலில் முகவரியைக் கடைக்காரரின் ஜிமெயிலுக்கு மாற்றி, உறுதிப்படுத்தும் மெயிலை மறுபடி அனுப்பி, அவர் லிங்க்கை அழுத்திய பிறகுதான் உயிர் வந்தது. ஆகவே:

- அதே டொமைனில் உள்ள முகவரி கூடவே கூடாது.
- அவர் தினமும் போனில் பார்க்கும் மின்னஞ்சலைக் கேளுங்கள்.
- பதிந்த அன்றே எதிரில் உட்கார்ந்து லிங்க்கை அழுத்த வையுங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

டாட் இன்னில் உரிமையாளரின் விவரங்களை மறைக்கும் ப்ரைவசி சேவைக்கு இடமில்லை. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: புதுப்பித்தல்

காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முடிந்து 5 நாளுக்குள் என்று நினைவூட்டல் போக வேண்டும். பேனலே அனுப்பும், நம்பாதீர்கள், போன் போடுங்கள். டாட் காம் அழிக்கப்பட்டால் மீட்க 30 நாள் உண்டு, ஆனால் மீட்புக் கட்டணம் கண்ணைக் கட்டும்.

பின்சேர்க்கை: வாடிக்கையாளரின் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டதாகவும், இப்போது வாடிக்கையாளர் கேட்கிறார் என்றும் இருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார்கள். டாட் காம் போன்றவற்றில் உரிமையாளர் பெயரை மாற்றினால் 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாமல் பூட்டு விழும். சில ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றும் முன்பே அதைத் தவிர்க்க ஒரு டிக் வைத்திருப்பார்கள், தேடுங்கள். அது இல்லையென்றால், வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ரெஜிஸ்ட்ராரை மாற்றுங்கள், அப்புறம் உரிமையாளர் பெயரை.