மாடலுக்கு வருமுன்பே கெட்டுப்போகும் தரவு: கடலூர், புதுச்சேரி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்று, தண்ணீர் அளவீடுகளை நோயாளிப் பதிவேடுகளோடு இணைக்கும் ஆய்வில், தரவு பார்ப்பவரிடம் எல்லோரும் கேட்பது "எந்தப் புள்ளியியல் மாடல் போடப்போகிறீர்கள்?" என்பதுதான். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியோ புதுச்சேரியிலோ செய்யும் ஆய்வுகளில் முடிவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலை.

பெரிய தவறு, எந்த எண்ணால் வகுக்கிறோம் என்று யோசிக்காமல் வகுத்துவிடுவது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மூச்சுத்திணறலோடு வந்தவர்களை எண்ணி, புதுச்சேரி மக்கள்தொகையால் வகுத்தால் வரும் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. அங்கே கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். பாகூர் பக்கத்து ஆட்களுக்கோ கடலூர்தான் கிட்டே. எல்லை ஒருபுறம், வைத்தியம் மறுபுறம். முகவரியைக் கிராமம் வரை பிரித்து, அந்தக் கிராமத்தார் போகும் எல்லா மருத்துவமனைகளின் பதிவுகளும் கையில் இருந்தால் மட்டும் விகிதம் போடுங்கள். இல்லையென்றால் ஒரே நோயாளியை அவரோடேயே ஒப்பிடும் முறைக்குப் போங்கள்: அவர் மருத்துவமனைக்கு வந்த நாளின் மாசு அளவு ஒரு பக்கம், அதே மாதத்தில் அதே கிழமை வந்த மற்ற நாட்களின் அளவு இன்னொரு பக்கம். இதற்கு மக்கள்தொகை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிப் பிரிவு வெறிச்சோடுவதும் கணக்கைக் கெடுக்காது.

கிராமப் பெயரை எழுத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். சிப்காட் பக்கத்து ஈச்சங்காடு ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். 'குப்பம்' என்று முடியும் ஊர்களோ கடற்கரை நெடுக. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு (எல்.ஜி.டி.) தரும் கிராமக் குறியீட்டைப் போட்டு இணைப்பதே பாதுகாப்பு. ஆயத்தொலைவிலும் ஒரு கண்ணி உண்டு. கடலூர் ஏறத்தாழ 11 பாகை 45 கலை வடக்கு, 79 பாகை 46 கலை கிழக்கு. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் தசமத்தில் அது 11.75, 79.77. கலையை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டி 11.45, 79.46 என்று போட்டால், துறைமுகத்தில் எடுத்த தண்ணீர் மாதிரி நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் விழும். எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் 'பி.டி.எல்.' என்று வரும் கட்டங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கருவி கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருள். பூச்சியம் என்று அல்ல. பூச்சியம் போட்டால் சராசரி இறங்கும், வரிசையை நீக்கினால் ஏறும். வரம்பில் பாதியைப் போடும் பழைய வழக்கம் இரண்டையும்விட மோசமாகலாம். ஓர் ஆய்வகத்தில் ஈயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், இன்னொன்றில் 1 என்று வையுங்கள். ஈயமே இல்லாத இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு 2.5, மற்றொன்றுக்கு 0.5 என்று விழும். தண்ணீர் ஒன்றுதான், ஐந்து மடங்கு வித்தியாசம் ஆய்வகத்தால் வந்தது. குடிநீருக்கான இந்திய வரம்பே 10 மைக்ரோகிராம்தான் என்பதால் இது சின்ன விஷயமும் இல்லை. மதிப்பு, வரம்புக்குக் கீழேயா என்ற குறி, அந்த ஆய்வகத்தின் வரம்பு என மூன்று நெடுவரிசைகள் வைத்துக்கொண்டு, வரம்புக்குக் கீழான மதிப்புகளையும் கணக்கில் எடுக்கும் கப்லான்–மையர் போன்ற புள்ளியியல் முறையில் கணக்கிடுங்கள். முக்கால்வாசிக்கு மேல் பி.டி.எல். என்றால் சராசரியை விட்டுவிட்டு, எத்தனை சதவீதத்தில் கண்டறியப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

காற்றுத் திசையைச் சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது. 350 பாகையும் 10 பாகையும் வடக்குதான். கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது நேர் தெற்கு. சைன், கொசைன் ஆக்கிச் சராசரி எடுத்து, மறுபடி பாகையாகத் திருப்ப வேண்டும். அப்படிச் செய்தும் 24 மணி நேரத்துக்கு ஒரே எண் போதாது. கடலோரத்தில் பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். சிப்காட் பக்கத்துக் குடிகாட்டில் ராத்திரி நாற்றம் என்று புகார் வந்தால் மணிவாரியாகத்தான் பார்க்க வேண்டும். அப்போது நேரத்தையும் சரிபாருங்கள்: பல சென்சார்கள் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன, ஐந்தரை மணி நேரம் கூட்டாவிட்டால் ராத்திரி நாற்றம் சாயங்காலத்துக்குப் போய்விடும்.

காற்றிலுள்ள நுண்தூசியை (பி.எம். 2.5) அளக்கும் விலை குறைந்த சென்சார்கள் ஈரப்பதம் ஏறும்போது நீர்த்துளியையும் தூசியாக எண்ணும். ஐப்பசி, கார்த்திகை எண்களை அப்படியே நம்பாமல், தரமான காற்று அளவீட்டு நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாரமாவது வைத்துத் திருத்தக் காரணி எடுங்கள். முடிந்தால் மழைக்காலத்திலும் ஒருமுறை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடலூருக்குக் கொடுத்த 77.45 என்ற ஒட்டுமொத்த மாசுக் குறியீட்டைத் தனி மனிதரின் மாசு அளவாகப் போடுபவர்களும் உண்டு. அது தவறு. தொழிற்பகுதி முழுவதற்கும் அது ஒரே எண். ஊருக்கு ஊர் வித்தியாசம் அதில் கிடைக்காது.

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் நாட்களில் தரவில் விழுந்த ஓட்டைகளை முன்பின் மதிப்புகளை வைத்து நிரப்பாதீர்கள். கரண்ட் இல்லாததால் கருவி நின்றது. பாதை துண்டானதால் நோயாளி வரவில்லை. அந்த வாரங்களைத் தனியே குறித்து, சேர்த்தும் நீக்கியும் கணக்கை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

வெளியிடும்போது ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை மறைத்துவிடுங்கள். நூறு வீட்டு ஊரில் 'புற்றுநோய், பெண், 40–44 வயது: 1' என்று அச்சானால், யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.