வேதாகமத்தில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

ஒரு எண் கண்ணில் பட்டதும் அதற்கு அர்த்தம் தேடி ஓடாதீர்கள். முதலில் அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று ஒத்துவாக்கியத்தில் (ஒரு சொல் வேதாகமத்தில் வரும் இடங்களையெல்லாம் காட்டும் அகராதி) பாருங்கள், அப்புறம் அந்த இடங்களில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

40-ஐ எடுத்துக்கொள்வோம். நோவா காலத்து மழை 40 நாள், மோசே சீனாய் மலையில் 40 நாள், எலியா ஓரேபுக்கு நடந்தது 40 நாள், இயேசு உபவாசம் இருந்ததும் 40 நாள். எல்லாமே சோதனையோ காத்திருப்போ முடிந்து புதிதாக ஒன்று தொடங்கும் இடங்கள். கானான் தேசத்தை இஸ்ரவேலின் வேவுகாரர் சுற்றிப் பார்த்த 40 நாளுக்கு, நாளுக்கு ஒரு வருஷமாக வனாந்தரத்தில் 40 வருஷம் என்று எண்ணாகமம் 14:34 நேரடியாகவே கணக்குப் போடுகிறது!

7 என்றால் முழுமை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது லாமேக்கும் பேதுருவும் சந்திக்கும் இடம்தான்: ஆதியாகமம் 4:24-ல் காயீனின் வம்சத்தில் வந்த லாமேக்கு தனக்காக எழுபத்தேழு பழி என்று பெருமை பேசுகிறான், மத்தேயு 18:22-ல், எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட பேதுருவிடம் இயேசு அதே ஏழையும் எழுபதையும் எடுத்து மன்னிப்புக்குக் கொடுக்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், சிலிர்த்துவிடும்.

12 தேவஜனத்தைக் குறிக்கும். வெளிப்படுத்தல் 7-ல் முத்திரை போடப்பட்டவர்களின் தொகையான 1,44,000 என்பது 12 × 12 × 1000.

வெளிப்படுத்தல் 13:18-ல் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ஐ வைத்து இன்றைய ஆட்களைத் தேடவே வேண்டாம். ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் ‘நீரோ இராயன்’ என்பதை எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண் மதிப்பைக் கூட்டினால் அந்த எண் வரும் என்பது பல அறிஞர்களின் விளக்கம். சில பழைய பிரதிகளில் 616 என்றும் இருக்கிறது.

யோவான் 21-ல் வரும் 153 மீன்களை மீன்களாகவே விட்டுவிடலாம்.