டாஸ் காலத்து விளையாட்டை இன்றைய கணினியில் இயக்குவது எப்படி?

பல ஆண்டுகள் பத்திரப்படுத்திய விளையாட்டுக் கோப்பைச் சொடுக்கியதும், அது இந்தக் கணினியில் இயங்காது என்று விண்டோஸ் கைவிரித்தால், கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. 1980களிலும் 1990களின் முற்பாதியிலும் வந்த விளையாட்டுகள் பெரும்பாலும், விண்டோஸ் பரவுவதற்கு முன் கணினிகளை இயக்கிய டாஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பல 16-பிட் நிரல்கள். 64-பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை; விண்டோஸ் 11-இலோ 64-பிட் தவிர வேறு வடிவமே கிடையாது. ஆகவே, உங்கள் விளையாட்டு டாஸ் காலத்ததா, விண்டோஸ் 95-க்குப் பிந்தையதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

டாஸ் விளையாட்டு என்றால் வேலை எளிது. 2002-இல் முதன்முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் என்னும் இலவச எமுலேட்டர், பழைய பிராசஸர், விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை ஆகிய எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் தொடர்ந்து மேம்படுத்தப்படுவதால், புதிதாகத் தொடங்குவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். வன்தட்டில் ‘கேம்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை ஆங்கில எழுத்துகளில் உருவாக்கி, அதற்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எட்டு எழுத்துக்கு மிகாத பெயரில் தனிக் கோப்புறை வையுங்கள். டாஸுக்கு நீண்ட பெயர்கள் பழக்கமில்லை. பிறகு எமுலேட்டரைத் திறந்து, மவுன்ட் என்ற கட்டளையால் அந்தக் கேம்ஸ் கோப்புறையை ‘சி’ டிரைவாக இணைத்து, விளையாட்டின் கோப்புறைக்குள் சென்று, அதன் இயக்கக் கோப்பின் பெயரைத் தட்டச்சிட்டால் போதும். முழு வன்தட்டையும் இணைத்துவிடாதீர்கள். பழைய நிரல் ஒன்று தவறாக எதையேனும் அழித்தால், அழிவது உங்கள் உண்மையான கோப்புதான். ஒவ்வொரு முறையும் தட்டச்சிடச் சலிப்பாக இருந்தால், இதே வரிகளை எமுலேட்டரின் அமைப்புக் கோப்பில் உள்ள ஆட்டோஎக்ஸெக் பகுதியில் எழுதிவிடலாம்.

விளையாட்டு திறந்துவிட்டது என்பதாலேயே அது பழைய விளையாட்டாகிவிடாது. அன்றைய நிரலாளர்கள் பலர், பிராசஸரின் வேகம் என்றும் மாறாது என்று நம்பி, அதையே கடிகாரமாகக் கொண்டு எழுதினார்கள். கணினிகள் வேகம் பெறத் தொடங்கியபோது பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ பொத்தான் வைக்கப்பட்டதும், அதை அணைத்து வேகத்தைக் குறைப்பதற்காகத்தான். அந்தப் பொத்தானின் வேலையை டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ என்ற அளவு செய்கிறது. எதிரிகள் கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்தால் கன்ட்ரோலுடன் எஃப்11-ஐ அழுத்திக் குறையுங்கள். படம் திக்கித் திணறினால் கன்ட்ரோலுடன் எஃப்12-ஐ அழுத்திக் கூட்டுங்கள். மிகப் பழைய விளையாட்டுகளுக்கு 3000-இலிருந்து தொடங்கிக் காதையும் கையையும் நம்பிச் சரிசெய்வதே நல்லது.

திரையின் வடிவம் இதைவிட நுட்பமான சிக்கல். அக்காலப் படங்கள் 320-க்கு 200 பிக்சல் கொண்டவை. ஆனால் அவை 4:3 திரையை நிறைத்துக் காட்டப்பட்டதால், ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 20 விழுக்காடு உயரமாக இருந்தது. இன்றைய திரையின் சதுரப் பிக்சல்களில் அப்படியே காட்டினால் வட்டங்கள் தட்டையாகும், மனிதர்கள் குள்ளமாவார்கள்; நாமோ நம் நினைவைச் சந்தேகிப்போம். மூல டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றினால் இது சரியாகும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள் வரும், வரட்டும். ஒலிக்கு, விளையாட்டின் செட்டப் நிரலில் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்து, அது கேட்கும் முகவரி (போர்ட்), ஐஆர்க்யூ, டிஎம்ஏ ஆகியவற்றுக்கு முறையே 220, 7, 1 என்ற எண்களைக் கொடுங்கள்.

கையேட்டையும் தேடி வையுங்கள். ஜோர்டான் மெக்னர் உருவாக்கி 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியான ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் டாஸ் பதிப்பில், முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்கு அருகே மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும். கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள ஒரு சொல்லின் முதலெழுத்தைப் பார்த்தால்தான் எதைக் குடிப்பது என்று தெரியும். நகல் எடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

விந்தை என்னவென்றால், வயதில் இளைய விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகள்தான் அதிகம் அடம்பிடிக்கின்றன. விளையாட்டு 32-பிட்டாக இருந்தாலும் அதன் நிறுவி 16-பிட்டாக இருக்கக்கூடும். நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட குறுந்தட்டுகளை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. அசல் தட்டு கையில் இருந்தும் பயனில்லை. இத்தகைய விளையாட்டுகளுக்கு, நகல் பூட்டு இல்லாத பதிப்புகளை 2008 முதல் விற்கும் ஜிஓஜி கடையில் மீண்டும் வாங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். பழைய தட்டையே பயன்படுத்துவோர் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே நிறுவுங்கள். அக்கால விளையாட்டுகள் சேமிப்பைத் தம் கோப்புறையிலேயே எழுதும், அங்கே அதற்கு அனுமதி இராது. படம் சிதைந்தால், பழைய வரைகலைக் கட்டளைகளை இன்றைய கணினிக்கு ஏற்ப மாற்றித்தரும் டிஜிவூடூ என்ற மென்பொருள் உதவும். குறுந்தட்டை இமேஜ் கோப்பாக (தட்டின் முழு நகலாக) மாற்றும்போது ஐஎஸ்ஓ வடிவத்தைத் தவிருங்கள். இசைத் தடங்கள் விடுபட்டு, விளையாட்டு ஊமையாகிவிடும். பின்-கியூ வடிவம் அவற்றையும் காக்கும்.

சில விளையாட்டுகளுக்கு எமுலேட்டரே வேண்டாம். ‘டூம்’ விளையாட்டின் மூலநிரல் 1997-இல் வெளியிடப்பட்டதால் அதை இன்றைய கணினிகளில் நேரடியாக ஓடவைக்கும் புதிய நிரல்கள் பல உண்டு. தரவுக் கோப்பு மட்டும் அசலாக இருக்க வேண்டும். அவற்றுள் சாக்லேட் டூம் பழைய நடத்தையை அப்படியே காப்பது என்பதால் முதலில் அதில் ஆடிவிட்டு, மெருகேற்றியவற்றுக்குப் பிறகு செல்லுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததும், விளையாட்டையும் அமைப்புக் கோப்பையும் ஒரே கோப்புறையில் சேர்த்து ஜிப் செய்து வையுங்கள். டாஸ் விளையாட்டு விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையும் எழுதுவதில்லை. டாஸ்பாக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும், லினக்ஸாகவோ மேக்காகவோ இருந்தாலும், கோப்புறையின் முகவரியை மட்டும் மாற்றினால் விட்ட கட்டத்திலிருந்தே தொடரலாம்.